பச்சை: யாருடைய தோலில் யாருடைய எழுத்து?

பச்சை குத்துவதைப் பற்றியெல்லாம் ஒரு தலித் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். பஞ்சமி நிலம் கிடக்கிறது, வன்கொடுமை வழக்குகள் வருடக்கணக்கில் கிடக்கின்றன, இதில் பச்சை என்ன, கடுக்கன் என்ன என்கிறார்கள். அண்மையில் ஒரு கூட்டத்தில் மூத்த முற்போக்காளர் ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொன்னார்: 'அம்பேத்கரைப் புத்தகத்தில் படிக்கச் சொன்னால் நம்ம பையன்கள் புஜத்தில் குத்திக்கொண்டு திரிகிறார்கள். சினிமா ரசிகனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? பச்சை குத்துவது பின்தங்கிய பழக்கம்.' நல்ல கைதட்டல்.

எனக்குக் கை தட்ட வரவில்லை. பின்தங்கிய பழக்கம் என்று எதைச் சொல்கிறார்? பழுக்கக் காய்ச்சிய சங்கு, சக்கர முத்திரைகளை இரண்டு தோள்களிலும் பதித்துக்கொள்வதற்கு வைணவத்தில் சமாசிரயணம் என்று பெயர். அது தீட்சை. சூடு போட்ட தோல் அங்கே புனிதமாகிறது. அதைப் பின்தங்கிய பழக்கம் என்று எந்த மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கரி தொட்ட ஊசியால் எங்க அம்மாச்சி முன்கையில் குத்திக்கொண்ட தேள் மட்டும் அநாகரிகம்!

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். சங்க இலக்கிய வகுப்பில் தொய்யிலுக்கு ஒரு அரைநாளே ஒதுக்கினார்கள். தலைவியின் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் கொடி எழுதுவது, அதைத் தலைவன் எழுதுவது, வியர்வையில் அது அழிவது என்று பேராசிரியர் உருகி உருகி நடத்தினார். பண்பாட்டுச் செழுமையாம். அதே வகுப்பில், மூன்றாவது பெஞ்சில் இருந்தவளின் முன்கையில் கோலமும் இரண்டு எழுத்தும் பச்சையாய்த் தெரிந்தன. அவள் ரெண்டு வருசமும் முழுக்கை ஜாக்கெட்டில்தான் வந்தாள். அழிந்துபோகும் எழுத்துக்கு நூற்பா, உரை, ஆய்வேடு. அழியாத எழுத்துக்கு முழுக்கை ஜாக்கெட். தமிழ்த்துறை என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

நம்முடைய உடம்பின்மேல் எழுதும் உரிமையை முதலில் எடுத்துக்கொண்டவன் நாம் அல்ல. மநுதருமத்தின் பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். சண்டாளர் பகலில் வேலைக்கு ஊருக்குள் வரலாம், ஆனால் அரசன் ஆணையிட்ட அடையாளங்களோடு வர வேண்டும் என்கிறது. எட்டாம் அத்தியாயம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உயர்ந்தவனோடு சரிசமமாய் ஓர் ஆசனத்தில் உட்கார முயன்ற கீழ்ப்பிறப்பாளனுக்கு இடுப்பில் சூடு போட்டு நாடு கடத்த வேண்டும். உடம்பைத் தாளாகவும் இரும்பை எழுத்தாணியாகவும் ஆக்கிய நூல் அது. வெள்ளைக்காரனும் சும்மா இருக்கவில்லை. 1797இல் வங்காளத்தில் ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் பச்சை குத்த விதி போட்டான். குற்றமும் தண்டனையும் நெற்றியில் எழுதப்பட்டன. 1849இல்தான் அது நின்றது.

பழங்கதை என்று ஒதுக்காதீர்கள். 1993 டிசம்பரில் பஞ்சாப் மாநிலம் அமிர்தசரசில், ஜேப்படி செய்ததாகப் பிடித்த நான்கு ஏழைப் பெண்களின் நெற்றியில் 'ஜேப் கத்ரி' என்று போலீசே பச்சை குத்த வைத்தது. சேப்படிக்காரி என்று அர்த்தம். நீதிமன்றத்தில் நிறுத்தியபோது துப்பட்டாவால் நெற்றியை மூடிக்கொண்டு நின்றார்கள். குத்தியவர்களுக்குத் தண்டனை கிடைக்க 2016 ஆயிற்று. இருபத்து மூன்று வருசம் அந்தப் பெண்கள் அந்த நெற்றியோடு எப்படிக் கடைக்குப் போனார்கள், எப்படிப் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசினார்கள் என்று எந்தத் தீர்ப்பும் எழுதாது.

இப்போது அம்மாச்சியின் தேளுக்கு வருகிறேன். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகள் போட்டார்கள். ஜே. எச். ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது, சட்டை, பனியன் கூடாது, தலைமுடியைக் கிராப் வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசை எரிந்தது. அடுத்த வருடம் தடைகளைப் பதினொன்றாக்கினார்கள்.

எட்டையும் இன்னொரு தடவை படியுங்கள். எல்லாமே உடம்பைப் பற்றியது. கழற்றக்கூடிய, பிடுங்கக்கூடிய, கிழிக்கக்கூடிய எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று. ஊசிக்கு மட்டும் தடை எழுத மறந்துவிட்டான். எங்க அம்மாச்சி அந்த ஜில்லாக்காரி. பச்சை எதுக்கு அம்மாச்சி என்று கேட்டால், 'களவாங்க முடியாத நகைடா. வட்டிக்காரனும் கழட்ட மாட்டான். செத்தா கூட வாரது இது ஒண்ணுதான்' என்பாள். ஆய்வாளர்கள் இதை அழகுணர்ச்சி என்பார்கள், மாந்திரீகம் என்பார்கள். அம்மாச்சிக்கு அது சொத்து. பத்திரப் பதிவு இல்லாத சொத்து.

சத்தீஸ்கரில் ராம்நாமிகள் செய்ததையும் இங்கே சொல்ல வேண்டும். கோயிலுக்குள் விட மறுத்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தத் தாழ்த்தப்பட்ட மக்கள் ராமன் பெயரை முகத்திலும் மார்பிலும், சிலர் உடம்பு முழுவதுமே குத்திக்கொண்டார்கள். நீ கருவறையைப் பூட்டினாய், நாங்கள் தோலுக்குள் இறக்கிக்கொண்டோம் என்பது அதன் பொருள். ராமன் பெயராய்ப் போனதே என்று எனக்குக் கசப்பு உண்டு. ஆனாலும் அந்தத் துணிச்சலின் முன் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

குத்தியவள் யார்? குறத்தி. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் அவள் கைப்பக்குவத்தை விவரித்திருக்கிறார். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படிந்த கரியைத் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பது. மூக்கை அளந்து மனிதனுக்குத் தரம் போட்ட தர்ஸ்டனுக்கே அது ஒரு தொழில்நுட்பமாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம், பின்னால் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டு, அந்தக் குறவர்களைப் பிறவித் திருடர்கள் ஆக்கியது. அகில இந்தியாவிலும் அது ஒழிந்தது 1952இல். ஊரூராய் நடந்து தொழில் செய்கிறவளுக்கு, ஊரூராய் நடப்பதே குற்றம் என்றால் தொழில் எப்படி நிற்கும்?

இன்றைக்கு அதே தொழில் கண்ணாடிக் கதவுக்குள், ஏ.சி.க்குள், சதுர அங்குலக் கணக்கில் விலை போகிறது. அது கலை. குத்துகிறவர் ஆர்ட்டிஸ்ட். குறத்தியின் பேத்தி அந்தக் கதவுக்கு வெளியே ஊசிமணி விற்கிறாள். இதைப் பண்பாட்டுக் கொள்ளை என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

நம் பையன்கள் பக்கம் வருகிறேன். பெரியவர் சொன்ன சினிமா ரசிகக் கதை இல்லை பிரச்சினை. எனக்குப் பயம் தருவது வேறு. தென்மாவட்டத்தில் பஸ் ஏறினால் கம்பியைப் பிடித்த கைகளைப் பாருங்கள். சாதிப் பெயர், சாதித் தலைவர் முகம், வேல், அரிவாள். பள்ளிக்கூடத்தில் கலர் கயிறாக இருந்தது கல்லூரிக்குப் போனதும் தோலுக்குள் இறங்கிவிடுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் பிள்ளையை வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். அதற்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வேண்டாம் என்று பரிந்துரைத்தது. கயிற்றை வாத்தியார் கத்தரிக்கலாம். தோலை?

அவர்கள் குத்துகிறார்கள், பதிலுக்கு நாங்களும் எங்க சாதிப் பேரைக் குத்துகிறோம் என்கிறான் எங்க தெருப் பையன். அவன் கோபம் எனக்குத் தெரியாததல்ல. அந்தக் கோபத்தில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் தம்பி, நம்ம உட்சாதிப் பெயரை நம்ம கையில் எழுதினால் அதைப் படித்துப் பயப்படப் போகிறவன் யார்? மேலே இருக்கிறவனா? இல்லை. பக்கத்துத் தெரு அருந்ததியர் பையன்தான். மநு அடையாளத்தோடு வரச் சொன்னான். நாம் காசு கொடுத்து அந்த அடையாளத்தைக் குத்திக்கொள்கிறோம். இதற்கு நான் ஆதரவில்லை, யார் கோபித்துக்கொண்டாலும் சரி.

அம்பேத்கரைக் குத்திக்கொள், இமானுவேல் சேகரனைக் குத்திக்கொள், உன் காதலியின் பெயரைக் குத்திக்கொள் (அவளிடம் கேட்டுவிட்டு). உன் தோல், உன் முடிவு. ஆனால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு உட்கார்.

ஊசி மேல்தோலைத் தாண்டி, ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மையை இறக்கும். மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருப்பது, கீழ்த்தோல் அப்படியல்ல. அதனால்தான் நிற்கிறது. எலும்புக்குப் பக்கத்தில் வலி அதிகம். முதல் ரெண்டு மூணு நாள் வீங்கும், நீர் கசியும். பிறகு பொருக்கு எழும், அரிக்கும். சொறியாதே. மேல்புண் ஆற ரெண்டு மூணு வாரம், அதுவரை கண்மாயிலும் கிணற்றிலும் முங்கிக் குளிக்கக் கூடாது. வெயில் படாமல், வியர்க்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். எழுதிவைத்தவன் களையெடுக்கப் போனதில்லை போல! நம்ம தங்கச்சிகளுக்கு நான் சொல்வது, வேலையில்லாத மாதம் பார்த்துக் குத்துங்கள். சிலருக்குத் தழும்பு மேடுதட்டிக் கிளம்பும், கீலாய்டு என்பார்கள். கறுத்த தோலில் அது கூடுதல். காது குத்தின இடத்தில் ஏற்கெனவே மேடு கட்டியவர்கள் பச்சைக்குப் போகாமலிருப்பது நல்லது. சிவப்பு மையில் ஒவ்வாமை அதிகம். வேண்டாமென்றால் லேசரில் எடுக்கலாம் என்பார்கள். அது ஒரு நாளில் முடிகிற வேலையல்ல, பல தடவை போக வேண்டும், குத்தின காசைவிடப் பல மடங்கு ஆகும், நம் நிறத் தோலில் வெளுத்த திட்டும் விழலாம்.

பெரிய ஆபத்து ஊசியில் இருக்கிறது. மஞ்சள் காமாலையில் ஈரலைத் தின்கிற ஹெபடைடிஸ் பி, சி இரண்டும், எச்.ஐ.வி.யும் இரத்தம் பட்ட ஊசியில் வரும். ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த இரத்தத்தில்கூட ஒரு வாரம் உயிரோடு இருக்கும். திருவிழாவில் பேட்டரி மிஷினை வைத்துக்கொண்டு, ஒரே ஊசியை டம்ளர் தண்ணீரில் முக்கி முக்கி இருபது பேருக்குக் குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பிரிட்டில் துடைத்தாலும் போதாது. உன் கண்முன் உறை பிரித்த புது ஊசி, உனக்கென்று தனியாய் ஊற்றின மை, புதுக் கையுறை. இல்லையென்றால் எழுந்து வா. வெட்கப்படாதே. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு, மூன்று தவணை, ஆறு மாதம் ஆகும். சி-க்குத் தடுப்பூசி கிடையாது. குத்தியபின் ஒரு வருடம் இரத்ததானம் செய்ய முடியாது, ஏப்ரல் 14 முகாமுக்குப் பெயர் கொடுக்கிற தோழர்கள் கவனிக்க. காது, மூக்கு குத்துவதற்கும் இதேதான். காதுச்சோணை ஆறு எட்டு வாரத்தில் ஆறும். மேல்காதுக் குருத்தெலும்பு பல மாதம் எடுக்கும், சீழ் பிடித்தால் காதே சுருங்கிப்போகும். அங்கே துப்பாக்கி மாதிரி கருவியால் குத்த விடாதீர்கள்.

அடுத்தது வேலை. நம்ம தெருவில் விடியற்காலை ரோட்டில் ஓடுகிற பையன்கள் எல்லாம் துணை ராணுவம், மிலிட்டரி என்றுதான் ஓடுகிறார்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளின் விதிப்படி பச்சைக்கு இடம் இடது முன்கையின் உட்புறம் அல்லது புறங்கை. சல்யூட் அடிக்கிற வலது முன்கையில் கூடாது. அந்த உறுப்பில் கால்பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். மதச் சின்னமும் பெயரும் சரி. அப்படியென்றால் பிள்ளையாருக்கு இடமிருக்கிறது, அரசியல் சட்டம் எழுதியவரின் முகம் என்ன கணக்கில் வரும்? மெடிக்கலில் உட்கார்ந்திருப்பவர் மனசைப் பொறுத்தது. ராணுவத்தில் பழங்குடியினரின் வழக்கத்துக்கு விலக்கு உண்டு, அது நியாயமே. சேரிக்கு வழக்கம் என்று ஒன்று உண்டு என்பதை மட்டும் எந்த விதியும் ஒத்துக்கொள்வதில்லை. புஜம் முழுக்கக் குத்திக்கொண்டு, ஓட்டத்தில் முதலாவதாய் வந்தும் மெடிக்கலில் திரும்பி வந்த பையன் எங்கள் ஊரில் இருக்கிறான். இந்த விதியை அவனுக்கு முன்கூட்டிச் சொல்ல ஒரு ஆள் இல்லை. மேடையில் 'பின்தங்கிய பழக்கம்' என்று சொல்ல ஆள் இருக்கிறது!

2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு பச்சைக் கடையில் நாக்கைப் பிளந்து விட்டார்கள் என்று கைது, சீல் வைப்பு, பத்திரிகைகளில் பரபரப்பு. செய்ய வேண்டியதுதான். ஆனால் திருவிழா டம்ளர் தண்ணீருக்கு எந்தச் சுகாதார அதிகாரி வந்தார்? அங்கே உட்காருவது நம் பெண்கள், குத்துவது குறத்தி, இரண்டு பேர் இரத்தமும் மலிவு. விரட்டச் சொல்லவில்லை நான். அவளுக்குப் பயிற்சி கொடு, உறை பிரிக்காத ஊசியும் கையுறையும் கொடு, கைவினைக் கலைஞர்களுக்குக் கொடுக்கிற அடையாள அட்டையை அவளுக்கும் கொடு, அரசுப் பொருட்காட்சியில் ஒரு கடை கொடு என்கிறேன்.

எங்கள் ஊரில் வரும் ஆடித் திருவிழாவுக்கு, ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸம்மாவை வரவழைத்துப் பச்சைக் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை போடுவதென்று பேசியிருக்கிறோம். குறத்திக்கு நூறு ஊசி வாங்கிக் கொடுக்க வசூல் நடக்கிறது. அந்த முற்போக்குப் பெரியவரிடமும் ரசீது புத்தகத்தை நீட்டினேன். ஐம்பது ரூபாய் எழுதினார்.