ஜாரியா நிலத்தடிச் சுரங்கங்களில் காற்றோட்டத்தையும் நில அமிழ்வையும் ஒரே திட்டத்தில் கொண்டுவரக் கோரும் மனு

பெறுநர்: சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநர், தன்பாத்
நகல்: ஜாரியா மறுவாழ்வு மற்றும் மேம்பாட்டு ஆணையம்
அனுப்புநர்: நிலத்தடிச் சுரங்கத் தொழிலாளர் சங்கம்

நிலக்கரியை வெட்டி எடுத்த இடத்தில் கூரை சரியும்போது மேலுள்ள பாறை அடுக்குகள் வளைந்து முறிகின்றன. ஆழம் குறைந்த சுரங்கங்களில் இந்த முறிவு தரைவரை ஏறி வெடிப்பாகத் திறக்கிறது. உறிஞ்சு விசிறி ஓடும் சுரங்கத்தில் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்றுக் குறைவு என்பதால், அந்த வெடிப்பு வழியே வெளிக்காற்று இறங்கி, வெட்டி முடித்த பகுதியில் நொறுங்கிக் கிடக்கும் கரியைச் சென்றடைகிறது. கரியைச் சூடேற்ற அந்தக் காற்று போதும். ஏறிய சூட்டை வெளியே கொண்டுபோகப் போதாது. கரி தானாகவே தீப்பற்றுகிறது. எரிந்த அளவுக்கு வெற்றிடம் பெருகி, நிலம் மேலும் இறங்கி, புதிய வெடிப்புகள் திறக்கின்றன. காற்றை அளப்பவர் காற்றோட்ட அலுவலர், நிலத்தை அளப்பவர் சர்வேயர். இருவரின் குறிப்பேடுகளும் ஒரே மேசைக்கு வரவேண்டும் என்பதே இம்மனுவின் மையக் கோரிக்கை. மற்றவை இதிலிருந்து கிளைப்பவை.

ஜாரியாவில் நிலத்தடித் தீ 1916 முதல் பதிவாகியுள்ளது. 1970களின் தொடக்கத்தில் நாட்டுடைமை ஆகும்வரை இப்படுகையில் தனியார் பலர் வெட்டினர். ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கும் கரிப்படிவங்களில் தாங்குதூண்களை மெலிதாக விட்டு, வெற்றிடத்தை நிரப்பாமல் கைவிட்ட பகுதிகள் பல. பழைய வேலைப்பகுதிகளின் அருகில் வெட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்னாலா சுரங்க விபத்து காட்டியது. பழைய பகுதியில் தேங்கியிருந்த நீர் உடைத்துப் பாய்ந்து 370க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே கைவிடப்பட்ட சுரங்கங்களின் வரைபடங்களை எல்லாம் சேர்த்து, சந்தேகமுள்ள இடங்களில் துளையிட்டுச் சரிபார்த்து, பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுமாறு சங்கம் கோருகிறது.

காற்றோட்டத்துக்கு விதி இல்லாமல் இல்லை. நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளின்படி, பெரிய ஷிப்டில் வேலை செய்யும் ஒருவருக்கு நிமிடத்துக்கு 6 கனமீட்டர், அல்லது அன்றாட உற்பத்தியில் ஒரு டன்னுக்கு 2.5 கனமீட்டர், இவற்றில் எது அதிகமோ அந்த அளவு காற்று ஒவ்வொரு வேலைப்பகுதியின் கடைசிக் காற்றிணைப்பை எட்டவேண்டும். நூறு பேர் இறங்கி நாளுக்கு 400 டன் எடுக்கும் பகுதிக்கு ஆள் கணக்கில் 600 கனமீட்டர், டன் கணக்கில் 1,000. ஆயிரமே சட்டம் கேட்கும் அளவு. அளக்கும் இடம் விசிறியடி அல்ல என்பதே இங்கு முக்கியம். கதவுகளிலும் தடுப்புச் சுவர்களிலும் காற்று கசிகிறது; தரை வெடிப்பு வழியே நுழையும் காற்றோ வேலைமுகத்தைத் தொடாமலே விசிறியை அடைந்து கணக்கை நிறைத்துக் காட்டிவிடும். விசிறியின் அளவுக்கும் வேலைமுகத்தின் அளவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியே பதிவு செய்வதும், அதையும் மீத்தேன் அளவையும் ஷிப்டுதோறும் தொழிலாளர் படிக்கக்கூடிய மொழியில் சுரங்க வாயிலில் எழுதி வைப்பதும் வேண்டும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடுவரை கலந்தால் வெடிக்கும். வேலையிடத்தில் 1.25 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று விதி வைத்ததன் காரணம் அதுவே. புயல் நெருங்கி வளிமண்டல அழுத்தம் இறங்கும்போது மூடிய பகுதிகளில் அடைந்திருந்த வாயு வெளியே கசியும். அந்நேரங்களில் கூடுதல் சோதனை கட்டாயமாக வேண்டும்.

மூடிய பகுதிகளில் தீ மூளுவதைப் புகைக்கு முன்பே அறியலாம். உற்பத்தியான கார்பன் மோனாக்சைடையும் குறைந்த ஆக்சிஜனையும் ஒப்பிடும் கிரஹாம் விகிதம் 1 விழுக்காட்டைத் தாண்டினால் கரி சூடேறுகிறது என்று கொள்ளலாம். 3ஐத் தொட்டால் தீ எரிகிறது. தனி ஓர் அளவீட்டைவிட ஏறுமுகமே நம்பத்தக்கது. விகிதம் ஏறும் பகுதிக்கு மேலுள்ள நிலத்தைச் சர்வேயர் உடனே நடந்து பார்த்து, வெடிப்புகளை மண்ணிட்டு இறுக்கி மூடும் முறை வேண்டும். தானே தீப்பற்ற எடுக்கும் காலத்துக்குள் தூண்களை எடுத்து முடித்து மூடிவிடக்கூடிய அளவிலேயே வேலைப்பகுதிகள் அமையவேண்டும்.

நில அமிழ்வில் வீட்டைப் பிளப்பது நிலம் தாழ்வது மட்டுமன்று. தாழ்ந்த இடத்துக்கும் தாழாத இடத்துக்கும் நடுவே நிலம் இழுபட்டுச் சாய்வதே பெரும் சேதம் செய்கிறது. இப்படி இழுபடும் விளிம்புப் பகுதி வெட்டிய எல்லைக்கு வெளியே விழும். இருப்புப்பாதை, பொதுச்சாலை, பிறர் கட்டடம் ஆகியவற்றிலிருந்து 45 மீட்டருக்குள் வெட்ட முன் அனுமதி வேண்டும். ஆனால் பாதிப்புக் கோணம் 20 பாகை என்று கொண்டாலும் 150 மீட்டர் ஆழ வேலையின் தாக்கம் ஏறத்தாழ 55 மீட்டர் அப்பால்வரை செல்லும். எனவே ஆழத்தையும் கோணத்தையும் வைத்தே எல்லை வகுக்கப்படவேண்டும். குடியிருப்பின் கீழே வெற்றிடத்தை நிரப்பாமல் தூண் எடுக்க அனுமதி கூடாது. நிரப்புவதற்குத் தாமோதர் ஆற்று மணல் கிடைப்பது கடினம் என்ற காரணம் ஏற்கத்தக்கதன்று. அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது. நிலத்தடி நீரை அது மாசுபடுத்தாது என்று சோதித்த பிறகு பயன்படுத்தலாம்.

தீயும் நில அமிழ்வும் தாக்கும் பகுதிக் குடும்பங்களின் மறுவாழ்வுக்கான ஜாரியா பெருந்திட்டம் 2009 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. திருத்திய திட்டத்துக்கு 2025 ஜூனில் ரூ. 5,940 கோடி ஒதுக்க மத்திய அமைச்சரவை இசைந்தது. பட்டா உள்ளவர், இல்லாதவர் என இரு வகைக் குடும்பங்களுக்கும் ரூ. 1 லட்சம் வாழ்வாதார உதவியும் ரூ. 3 லட்சம்வரை கடன் வசதியும் அதில் உண்டு. எந்தக் குடியிருப்பு முதலில் இடம்பெயரவேண்டும் என்பதை நில அளவையும் வாயு அளவையும் சேர்ந்து தீர்மானிக்கவேண்டும். அந்த வரிசைப் பட்டியல், ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலம் தொடங்கும் முன் சங்கப் பிரதிநிதிகள் முன்னிலையில் திருத்தி வெளியிடப்படவேண்டும் எனக் கோரி இம்மனு அளிக்கப்படுகிறது.