மீசையும் விளக்கும்

புது வெள்ளம் வடிந்து, ஒகேனக்கல்லில் மறுபடி பரிசல் விடத் தொடங்கிய சமயம். காவேரியின் ஜலம் இன்னும் செம்மண் கரைத்தாற்போல் இருந்தது. கையை விட்டால் விரல் தெரியவில்லை.

"இந்தக் கலங்கலில் மீனுக்கு இரை எப்படி ஐயா தெரிகிறது?" என்று பரிசல்காரரைக் கேட்டேன்.

"கெளுத்திக்குத்தான் மீசை இருக்குதுங்களே!" என்றார்.

அவர் சொன்னது சாஸ்திரோக்தமான உண்மை. கெளுத்தியின் மீசை முழுவதும் சுவையறியும் நுண்ணுறுப்புகள். நமக்கு நாக்கு வாய்க்குள், அதற்கு வெளியே.

இந்தக் காவேரி போய்ச் சேரும் வங்கக் கடலில் வேறு விதமான இருட்டு ஒன்று உண்டு. அங்கே ஜலம் தெளிவுதான். ஆழத்தினால் வந்த இருட்டு அது. 200 மீட்டருக்குக் கீழே வெயில் மங்கி, 1,000 மீட்டரில் அறவே அற்றுப் போகிறது. 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் கடல் அளவைக் கப்பலில் 1888 முதல் 1892 வரை பணியாற்றிய டாக்டர் ஆல்காக், நம் கடல்களின் ஆழத்தில் வலை இழுத்து, அங்கே வாழும் மீன்கள் பலவற்றை உலகுக்கு அறிவித்தார்.

ஆழ்கடல் மீன்களில் பல, தாமே விளக்கேற்றிக் கொள்பவை. விளக்கு மீனின் வயிற்றில் வரிசையாக ஒளிப் பொட்டுகள் உண்டு. விளக்கு, பகைவனுக்குக் காட்டிக் கொடுத்து விடாதா என்பீர்கள். ஒளிந்து கொள்வதற்கே அந்த விளக்கு! மேலிருந்து கசியும் மங்கல் வெளிச்சத்துக்கு ஈடாக வயிறும் ஒளிர்வதால், கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு மீனின் நிழலே தெரிவதில்லை. தூண்டில் மீனின் சாமர்த்தியம் வேறு. அதில் பெண் மீன் நெற்றியில் ஒரு கோலை நீட்டி, நுனியில் ஒளிவிடும் பாக்டீரியாக்களை வளர்க்கிறது. விருந்தாளி தானே வாயருகில் வந்து சேருகிறான்.

மத்திய இந்து மகா சமுத்திரத்தின் அடியில் கிடக்கும் உலோக உருண்டைகளை 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆராய, 2002-இல் இந்தியா ஒப்பந்தம் செய்து கொண்டது. மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கவல்ல 'மத்ஸ்யா 6000' என்ற கலமும் சென்னையில் உருவாகி வந்திருக்கிறது. நாம் பெருமைப்பட வேண்டிய காரியந்தான். ஆனால் உருண்டைகளை அள்ளும்போது சேறும் கூடவே வரும். அந்தச் சேற்று நீரைக் கப்பலிலிருந்து நடு ஆழத்தில் திரும்ப விட்டால், விளக்கு மீன்கள் வாழும் தெளிந்த ஜலம் ஒகேனக்கல் வெள்ளம் போலக் கலங்கிவிடும். விளக்கு மீனுக்கோ மீசை கிடையாது. சேற்றை எந்த ஆழத்தில் விடுவது என்ற கேள்வி, முதல் உருண்டையை அள்ளுவதற்கு முன்பே தீர வேண்டியது.