சலுகை முடியட்டும், நாள் குறித்து முடியட்டும்

மாநிலங்களுக்கு இடையேயான மின்கம்பிகளில் காற்று மின்சாரத்தையும் சூரிய மின்சாரத்தையும் கொண்டுசெல்வதற்கு அளிக்கப்பட்டிருந்த முழுக் கட்டண விலக்கு 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிவுற்று, அதன்பின் இயங்கத் தொடங்கும் நிலையங்களுக்கு அது ஆண்டுக்குக் கால் பங்கு வீதம் குறைந்துவருகிறது. மற்றச் சலுகைகளையும் இத்தோடு ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டுமென்ற குரல் ஒருபுறமும், எதிலும் கைவைக்கலாகாது என்ற குரல் மறுபுறமும் ஓங்கியிருக்கும் இந்தச் சமயத்தில், காற்றாலைத் தொழிலோடு சம்பந்தப்பட்டவர்கள் தம் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்வது அவசியமாகிறது.

சலுகைகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. 1986-இல் தூத்துக்குடியிலும், குஜராத்தின் ஓகாவிலும், மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரியிலும் பரீட்சார்த்தமாக நிறுவப்பட்ட சிறு காற்றாலைகளைக் கண்டு தனியார் மூலதனம் உடனே முன்வந்துவிடவில்லை. இயந்திரத்தின் விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற வருமான வரிச் சலுகை தொண்ணூறுகளில் கிடைத்த பிறகுதான், கோயம்புத்தூர், திருப்பூர் ஆலை முதலாளிகள் ஆரல்வாய்மொழிக் கணவாயை நாடி வந்தார்கள். அந்தச் சலுகை இல்லாதிருந்தால் இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்காது என்பதை அதன் விரோதிகளும் ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் அது இயந்திரத்தை நிறுவியதற்கு அளித்த வெகுமதியேயன்றி, மின்சாரத்தை உற்பத்தி செய்ததற்கு அளித்த வெகுமதி அன்று. ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக இயங்கிய இயந்திரத்துக்குப் பாதித் தேய்மானமே உண்டு என்ற விதியால், காற்றுக் காலம் தொடங்கும் மே மாதத்துக்கு முன் ஆலையைத் தயாராக்குவதைக் காட்டிலும், செப்டம்பர் முடிவதற்குள்ளோ மார்ச் முடிவதற்குள்ளோ எப்படியாவது ஓட்டிக் காட்டிவிடுவதே பலருக்குப் பிரதான நோக்கமாயிற்று. அக்கணவாயை ஒட்டிய முப்பந்தலின் மிகச் சிறந்த காற்று வீசும் இடங்களில், இரண்டு மூன்று மெகாவாட் இயந்திரங்கள் நிற்கத்தக்க நிலத்தில், 225, 250 கிலோவாட் பழைய இயந்திரங்கள் இன்னும் சுழல்வதற்கு அந்த அவசரமும் ஒரு காரணம். யூனிட்டுக்கு 50 பைசா என்று 2009-இல் வந்த ஊக்கத்தொகையே, உற்பத்தியைக் கணக்கிட்டுப் பலன் தந்தது என்ற வகையில், நெறி சார்ந்த சலுகை என்பது நம் துணிபு.

தேய்மானச் சலுகை, ஊக்கத்தொகை ஆகிய இவ்விரண்டும் 2012-இல் நின்றன. முந்தைய ஆண்டில் 3,000 மெகாவாட்டுக்கு மேல் புதிதாகச் சேர்ந்த நாட்டில், மறு ஆண்டில் சுமார் 1,700 மெகாவாட்டே சேர்ந்தது. பின்னர் இரண்டையும் திரும்பக் கொடுத்து, 2017-இல் தேய்மானத்தை 40 சதவீதமாகக் குறைத்து, ஊக்கத்தொகையை மறுபடி நிறுத்தினார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்த முதல் காற்றாலை ஏலத்தில் யூனிட் விலை 3.46 ரூபாய்க்கு இறங்கியது. அப்போது தமிழ்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்திருந்த விலையோ 4.16 ரூபாய். ஆகவே, விலையில் தாங்கிப்பிடிக்க வேண்டிய பருவத்தை இத்தொழில் கடந்துவிட்டது என்பது பிரத்தியட்சம். ஆனால் நேற்றுவரை ஒரு விதி, இன்றுமுதல் வேறொரு விதி என்று வந்தமையால், 2016-17-இல் 5,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவிய தொழில் அடுத்த ஆண்டில் 2,000 மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. உதிரிப்பாகம் செய்யும் சிறு பட்டறைகள்தாம் இதன் சுமையை முதலில் தாங்கின. இந்த நஷ்டம் சலுகை முடிந்ததால் வந்ததன்று, முடிந்த விதத்தால் வந்தது.

இனி, 'பேங்கிங்' என்று நாம் வழங்கும் மின்சேமிப்பு வசதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைய சச்சரவின் மையம் அதுவே. மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றில் விளைந்த யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்றற்ற தை, மாசி மாதங்களில் நூற்பாலை எடுத்துக்கொள்வதைத் தானமாகக் கருதுவது தவறு; அது ஒரு சேவை, அதற்குக் கட்டணமும் செலுத்தப்படுகிறது. அதே வேளையில், மின்சாரம் மலிந்த பருவத்தில் வரவு வைத்ததைத் தட்டுப்பாடான மாலை நேரத்தில் எடுக்கும்போது, வாரியம் சந்தையில் பன்மடங்கு விலை கொடுத்து வாங்க நேரிடுகிறது என்ற முறையீட்டையும் நாம் புறக்கணிக்கலாகாது. மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு விதிகள் குறைந்தபட்சமாக விதித்திருக்கும், மாதத்துக்கு மாதம் கணக்கை முடிக்கும் முறை சூரிய மின்சாரத்துக்குப் பொருந்தலாம். ஐந்து மாதத்தில் ஆண்டு விளைச்சலின் பெரும்பகுதியைத் தரும் காற்றுக்குப் பொருந்தாது. ஓராண்டுச் சேமிப்பு நிலைக்கட்டும். அதன் உண்மையான செலவை, பருவமும் மணிநேரமும் பிரித்துக் கணக்கிட்டு, நாம் கொடுப்போம். அந்தக் கட்டணம் உயரும் படிகளையும் தேதிகளையும் முன்கூட்டியே அறிவிக்கட்டும்.

இதற்கு வேண்டியது கணக்கு. ஆணையம் கருத்துக் கேட்கும்போதெல்லாம் நம்மவர் சமர்ப்பிக்கும் மனுக்களில் வேண்டுகோள் மிகுந்தும் ஆதாரம் குறைந்தும் இருப்பதைக் கண்டு வருந்துகிறோம். காற்றாலை உரிமையாளர்களும் பொறியாளர்களும் தத்தம் இயந்திரங்கள் எந்த மாதம், எந்த நேரத்தில், எத்தனை யூனிட் வரவு வைத்தன, எப்போது எடுத்தன என்ற விவரத்தைக் குறைந்தது ஐந்தாண்டுகளுக்கேனும் தொகுத்து, நமக்குப் பாதகமான எண்களையும் மறைக்காமல், அடுத்த விசாரணையில் ஆணையத்தின் முன் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.