விற்க முடியாத நாள்

ஓய்வை உரிமையாகக் காண்பது நவீன மனத்தின் இயல்பு. கடமையாகக் காண்பது சமய மனத்தின் இயல்பு. முன்னது முற்போக்கு, பின்னது பழமைவாதம் என்று நாம் அதிகம் யோசிக்காமலே முடிவுகட்டிவிடுகிறோம். இலக்கிய வாசகர்களாகிய நமக்குச் 'சட்டமா, அன்பா' என்ற கேள்வி எழுந்தால் அன்பின் பக்கம் சாய்வது அனிச்சைச் செயலாகவே ஆகிவிட்டது. நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களையும், அவற்றுக்கு வெகுகாலம் முன்பே அங்கிருந்த தொதவர் மந்துகளையும் மனத்தில் கொண்டு யோசித்தால், இம்முடிவை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் கொழுந்து பறித்த பல தலைமுறைப் பெண்களின் வேலைநாளை வரையறுத்தது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்ததோடு அதன் காலம் முடிந்தது. அதன் 20ஆம் பிரிவு ஏழு நாட்களுக்கு ஒரு நாள் ஓய்வு தர வழிவகுத்தது. ஆனால் அதே பிரிவு, ஓய்வுநாளில் வேலைசெய்யத் தொழிலாளி விரும்பினால் தடையில்லை என்றும் சொன்னது. இடையில் ஒரு முழுநாள் விடுப்பின்றித் தொடர்ந்து பத்து நாட்களுக்கு மேல் போகக்கூடாது என்பது மட்டுமே வரம்பு. 'விரும்பினால்' என்ற இந்தச் சொல்லில்தான் நம் விவாதம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கடன் தவணையும் மளிகைக்கடைப் பாக்கியும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் கூடி முடிவுசெய்வதற்குத்தான் இங்கே விருப்பம் என்று பெயர். உரிமை என்பது விட்டுக்கொடுக்கக் கூடியது. விட்டுக்கொடுக்கக் கூடியதை வறுமையிடமிருந்து எளிதாக விலைக்கு வாங்கிவிடலாம்.

இதற்கு நேர் எதிரான ஒரு சிந்தனையை 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், தொடக்ககால அட்வென்டிஸ்டுகளிடம் காண்கிறோம். வில்லியம் மில்லர் தொடங்கிய இயக்கத்தை நம்பி, 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்துவின் வருகைக்குக் காத்திருந்து ஏமாந்தவர்களில் ஒரு சிறு பிரிவினர் அவர்கள். பூமியில் எதுவும் நிகழாதபோது, நிகழ்ந்தது விண்ணுலகில் என்று அவர்கள் பொருள்கொண்டார்கள். கிறிஸ்து அன்று பரலோகக் கூடாரத்தின் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைந்தார், பாவநிவிர்த்தி சிலுவையோடு முடிந்துவிடாமல் அங்கே தொடர்கிறது என்னும் கருத்தை ஓ. ஆர். எல். குரோசியர் 1846இல் விரிவாக எழுதினார். அதே ஆண்டில் முன்னாள் கப்பல் தலைவரான ஜோசப் பேட்ஸ், ஏழாம் நாளான சனிக்கிழமையே ஓய்வுநாள் என்று வாதிட்டுச் சிறுநூல் வெளியிட்டார். இவ்விரண்டும் விரைவில் ஒன்றாக இணைந்தன. மகா பரிசுத்த ஸ்தலத்தில் இருப்பது உடன்படிக்கைப் பெட்டி. பெட்டிக்குள் இருப்பவை பத்துக் கட்டளைகள். ஆகவே பாவநிவிர்த்தி நடக்கும் இடத்திலேயே நியாயப்பிரமாணமும் இருக்கிறது, மன்னிப்பு அதை ரத்துசெய்வதில்லை என்பது அவர்கள் முடிவு.

இறையியலில் நாட்டமில்லாதவருக்கும் இவ்வாதம் கவனத்துக்குரியது. ஓய்வுநாள் கட்டளை யாரை நோக்கிப் பேசுகிறது என்று பாருங்கள். வேலைக்காரன், வேலைக்காரி, கால்நடை, ஊருக்குள் தங்கியிருக்கும் அந்நியன் என ஒவ்வொருவரையும் சுட்டி வேலையிலிருந்து விலக்குவதால், அது முதலில் வேலை வாங்குபவனையே கட்டுப்படுத்துகிறது. அந்த நாள் எசமானுடையதும் அல்ல, தொழிலாளியுடையதும் அல்ல. தன்னுடையதல்லாத ஒன்றை எவரும் விற்க முடியாது.

சட்டவாதிகள் என்ற ஏளனத்தை அட்வென்டிஸ்டுகள் நிறையவே சந்தித்தார்கள். ஓய்வுநாள் எப்போது தொடங்குகிறது என்பதிலேயே அவர்களுக்குப் பெரிய ஆராய்ச்சி இருந்தது. மாலை ஆறு மணி என்றார் பேட்ஸ். 1855இல் ஜே. என். ஆண்ட்ரூஸ் வேதச் சான்றுகளைத் திரட்டி, சூரியன் மறைவதே எல்லை என்று காட்டியபின் அவ்வழக்கத்துக்கு மாறினார்கள். 1888இல் மினியாபொலிஸ் மாநாட்டில், மனிதனை மீட்பது சட்டம் அல்ல, விசுவாசமே என்று ஈ. ஜே. வாகனரும் ஏ. டி. ஜோன்ஸும் வற்புறுத்தியபோது, எலன் வைட் அவர்கள் பக்கம் நின்றார். அதனால் சட்டம் கைவிடப்படவில்லை. அதற்குரிய இடம் தெளிவாயிற்று என்றே சொல்லவேண்டும்.

நாளின் எல்லை குறித்த இதே நுணுக்கத்தை, பைபிளின் நிழல் படாத ஒரு மரபில் நீலகிரியிலேயே காண முடிகிறது. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் தொதவரைப் பற்றி வெளியிட்ட நூல், ஒவ்வொரு மந்துக்கும் வாரத்தில் விலக்கு நாட்கள் இருந்ததை விவரிக்கிறது. ஊருக்கு உரிய நாள் வேறு, பால்மனைக்கு உரிய நாள் வேறு. ஊருக்கு உரிய நாளில் மந்திலிருந்து பணமோ பொருளோ வெளியே போகக்கூடாது. பெண்கள் ஊரைவிட்டுச் செல்லக்கூடாது. சுற்றுவழிகளும் இருந்தன. பணம் தேவைப்படும் என்று தெரிந்தால் முன்கூட்டியே அதை மந்துக்கு வெளியே வைத்துவிடுவார்கள். ஒரு பெண் விடியுமுன் வெளியேறி, சூரியன் எழும்வரை காத்திருந்து, வீடு திரும்பி உண்டபின் புறப்பட்டால் விலக்கை மீறியதாகாது.

இதைப் பாசாங்கு என்று சிரிப்பது எளிது. ஆனால் சுற்றிச் செல்பவர் வேலி இருப்பதை ஒப்புக்கொள்கிறார். பால்மனை ஒழுங்கை மீறினால் செய்யவேண்டிய பரிகாரங்களில் ஒன்று எருமைக்கன்றைக் கொடுப்பது. குலத்தின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு அந்தக் கன்று கைமாறும். அட்வென்டிஸ்டுகளின் பாவநிவிர்த்திக்கும் இதற்கும் எவ்வளவோ தூரம். எனினும் மீறல் என்பது தனிமனிதன் மனத்துக்குள் வருந்தித் தீர்த்துக்கொள்ளும் விஷயம் அல்ல, கணக்கு இன்னொருவர் முன் வைக்கப்படவேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

சனிக்கிழமை ஓய்வு தமிழ்நாட்டுக்கு வந்த கதையிலும் யார் எசமான் என்ற கேள்வியே இருக்கிறது. 1841இல் உதகையில் ஆங்கிலிகன் திருப்பணிக்கு அபிஷேகம் பெற்றுத் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்ற கால்டுவெல், 1849இல் சாணார்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் அச்சமூகத்தில் பெரும் கசப்பை விளைவித்தது. அக்கசப்பின் தொடர்ச்சியாக அருமைநாயகம் சட்டம்பிள்ளை 1857இல் மிஷனின் பிடியிலிருந்து விலகி, நாசரேத் பகுதியில் இந்து கிறிஸ்தவ சபையை நிறுவினார். ஐரோப்பிய வழக்கங்களைக் களைந்து வேதத்தின் யூத மூலத்துக்குத் திரும்பும் முயற்சியில் அச்சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஏற்றது. 1908இல் அட்வென்டிஸ்ட் மிஷனரி ஜே. எஸ். ஜேம்ஸ் அருகிலுள்ள பிரகாசபுரத்தில் குடியேறியபோது அங்கே அது புதிய செய்தி அல்ல. வெள்ளைக்கார எசமானுக்கு மேலே ஒரு சட்டம் உண்டு என்று சொல்ல சட்டம்பிள்ளைக்கு அந்த நாள் உதவியது.

விற்க முடியாத நாள் மறுக்க முடியாத நாளும் அல்லவா என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்விதான். தொதவர் விலக்கின் சுமை பெண்கள் மேல் கூடுதலாக விழுந்ததை நாம் மறைக்கவில்லை. ஆனால் 1888இல் அமெரிக்க செனட்டில் ஞாயிறு ஓய்வு மசோதா வந்தபோது, அதை எதிர்த்துச் சாட்சியம் அளித்தவர் அதே ஜோன்ஸ்தான். கடவுளின் சட்டத்தை அத்தனை இறுகப் பற்றியவர்கள், அதை அரசு எவர்மேலும் திணிக்கக்கூடாது என்றார்கள்.

ஆகவே அரசிடம் நாம் கேட்பது புனித நாளை அல்ல. வழிபடவோ சும்மா இருக்கவோ எவரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். அந்த நாளை விலைக்கு வாங்கும் கையைத் தடுத்தால் போதும். ஆறு நாள் கூலி ஏழு நாள் வாழ்க்கைக்குப் போதுமானதாக இருந்தால்தான் 'விரும்பினால்' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. அதுவரை கொழுந்து பறிப்பவருக்கு ஓய்வு என்பது காகிதத்தில் உள்ள உரிமை மட்டுமே. கட்டளை முதலில் எசமானைக் கட்டவேண்டும் என்ற பழைய அறிவை, அதைச் சொன்னவர்களின் வானுலகக் கணக்குகளை ஏற்காமலேயே நாம் கற்றுக்கொள்ளலாம்.