நம்மட ஊர்ல மலர்ச்சாலை இல்லை, சரி. மையித்தைக் குளிப்பாட்டத் தெரியுமா?

கொழும்பில பொரளைப் பக்கம் போனவங்களுக்கு ரேமண்ட், ஜயரத்ன என்ற பெயர்ப்பலகைகள் பழக்கமா இருக்கும். இரண்டும் மலர்ச்சாலைகள். கடைக்கே ஆளின் பெயர்தான். பெட்டி, வாகனம், உடலைப் பதப்படுத்துவது எல்லாம் ஒரே இடத்தில முடிஞ்சிடும். மருதமுனையில இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் உள்ள நம்மட முஸ்லிம் ஊர்களுக்கு இப்படியொரு கடை தேவைப்பட்டதே இல்லை. "நமக்கெதுக்கு மலர்ச்சாலை? காலையில மௌத்தானா அஸரோட அடக்கிருவோம்" என்று பெருமையாச் சொல்லுவோம். அந்தப் பெருமை பாதிதான் உண்மை. நான் எழுத வந்தது மற்றப் பாதியைப் பற்றி.

மலர்ச்சாலை எப்படிக் குடும்பத் தொழிலாச்சு என்பதைப் பார்க்க அமெரிக்காவை எடுத்துக்கொள்ளலாம். ஒரு காலத்தில அங்கேயும் வீட்டுப் பெண்கள்தான் உடலைக் கழுவி உடுத்தினாங்க. பெட்டியை ஊர்த் தச்சர் செய்து கொடுத்தார். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில இறந்த படையினரைத் தூர ஊர்களுக்கு அனுப்ப வேண்டி வந்தப்போ, உடலைப் பதப்படுத்துற வேலை பரவிச்சு. பெட்டி செய்தவங்க மெல்ல மெல்ல முழுக் காரியத்தையும் பொறுப்பெடுத்தாங்க. தகப்பன் கடை மகனுக்குக் கைமாறிச்சு. பிறகு, 1962ல ஹூஸ்டனில தொடங்கின எஸ்.சி.ஐ. என்ற கம்பனி இப்படியான குடும்பக் கடைகளை நூற்றுக்கணக்கில வாங்கிப் போட்டது. பல இடங்களில பழைய குடும்பப் பெயர் மட்டும் பலகையில அப்படியே இருக்கு, முதலாளி வேற. அந்தக் கம்பனியைத் தொடங்கின ராபர்ட் வால்ட்ரிப் தானே ஒரு மலர்ச்சாலைக் குடும்பத்துப் பிள்ளை. ஒரு தெரு தன்ட மையித்தைக் குளிப்பாட்ட மறந்தா, அதைக் காசுக்குச் செய்து தர யாராவது வந்துதான் ஆகணும்.

நம்மட ஊர்லயும் பரம்பரை இருக்கு. பலகைதான் இல்லை. பள்ளி ஒலிபெருக்கியில மௌத் செய்தி சொன்னதும் சந்தூக் வரும், கபன் துணி வரும், மையவாடியில குழி வெட்ட ஆள் போகும். பல ஊர்களில ஜனாஸா நலன்புரிச் சங்கமும் இருக்கு. ஆனா குளிப்பாட்ட வாறது யார்? தெருவுக்குத் தெரு அதே இரண்டு மூணு வயசாளிகள். அவங்களும் தங்கட உம்மாவோட, வாப்பாவோட கூடப் போய்ப் பழகினவங்கதான். ஆண் மையித்துக்காவது பள்ளிப் பக்கம் ஆள் தேடலாம். பெண் மையித்துக்குப் பெண்கள்தான் வேணும். என்ட உம்மம்மா மௌத்தானப்போ குளிப்பாட்ட வந்த மூத்தம்மாவுக்கு எழுபதுக்கு மேல வயசு. வலப்பக்கத்தில இருந்து தொடங்கணும், தண்ணி ஒற்றைப்படையில ஊத்தணும், கடைசித் தண்ணிக்குக் கற்பூரம், ஆணுக்கு மூணு துணி, பெண்ணுக்கு அஞ்சு. எல்லாம் அவக்கு மனப்பாடம். அங்க நின்ற எங்கள்ல, என் வயசுப் பிள்ளைகள் யாருக்கும் அது தெரியாது.

பரம்பரை என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. நம்மளச் சுற்றியுள்ள தமிழ் ஊர்களில சாவுக்குப் பறை அடிக்கிறது மாதிரியான வேலைகள் காலங்காலமாச் சில சாதிகளின் தலையில சுமத்தப்பட்டது. அடுத்த தலைமுறை "இனிச் செய்ய மாட்டோம்" என்று மறுத்தது முழு நியாயம். ஒரு வேலையை "அது அந்த வீட்டாக்கள்ட வேலை" என்று விட்டுட்டு மற்றவங்க தள்ளி நின்றா அது எங்க போய் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

மார்க்கம் இதை யார் வீட்டுத் தொழிலாவும் வைக்கல. மையித்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, அடக்குறது பர்ளு கிபாயா. சிலபேர் செய்தா எல்லார் கடமையும் நீங்கும், யாருமே செய்யாட்டி ஊரே குற்றவாளி. நாம முதல் பாதியை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கொண்டோம். "யாராவது செய்வாங்க" என்பதை மார்க்கச் சட்டம் மாதிரியே ஆக்கிட்டோம்.

இந்தக் கடமையின் அருமை தெரியாத ஊரும் இல்லை இது. 2004 டிசம்பர் 26ல இலங்கையிலேயே கூடுதலான உயிர்களைச் சுனாமிக்குக் கொடுத்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல. அன்று முறைப்படி குளிப்பாட்டவோ, தனித்தனியாக் குழி வெட்டவோ வழி இருக்கல. 2020 ஏப்ரலில கொவிட் மரணங்கள் எல்லாத்தையும் எரிக்கணும் என்று வர்த்தமானி வந்தது. 2021 பெப்ரவரியில அது மாறினப் பிறகும், மட்டக்களப்பையும் தாண்டி ஓட்டமாவடியிலதான் அடக்க விட்டாங்க. அங்க 3,600க்கும் மேற்பட்ட உடல்கள் இருக்கு, எல்லா மதத்தவரும். 2024 ஜூலையில அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானிச்சது. எரிக்காதீங்க, எங்கட கையில தாங்க என்றுதானே அந்த நாட்களில கெஞ்சினோம், எழுதினோம், வெள்ளைத் துணி கட்டினோம்? இப்ப மையித்தைக் கையில தாறாங்க. வாங்கிறதுக்குப் பழகின கைகள் எத்தனை இருக்கு?

கேட்கிறது பெரிசா ஒண்டுமில்லை. ஒவ்வொரு பள்ளியும் வருசத்துக்கு இரண்டு நாள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியா, குளிப்பாட்டவும் கபனிடவும் கைப்பட பழக்கட்டும். புத்தகத்தில படிச்சு இது வராது. குழி வெட்டுறவருக்கு ஸதகா மாதிரி இல்லாம, ஒரு மேசனுக்குக் கொடுக்கிற மாதிரி நியாயமான கூலி கொடுக்கட்டும். பள்ளி வரலாறு எழுதுறவங்க மரைக்காயர்மார்ட பெயர்களோட, குளிப்பாட்டின பெண்கள்ட பெயர்களையும் எழுதட்டும். பரம்பரை பரம்பரையாச் செய்தவங்களுக்கு ஒரு பலகைகூட நாம வைக்கல.

அதுக்கு முன்னாடி, இதை வாசிக்கிற நீங்க உங்கட தெருவில குளிப்பாட்டப் போறது யார் என்று வீட்டில கேளுங்க. அவங்களுக்கு என்ன வயசு என்றும் கேளுங்க. அடுத்த மௌத்துக்கு அவங்களோட கூடப் போய்த் தண்ணி ஊத்திக் கொடுங்க.