மன்னார் காற்றாலைகளும் ‘விழிப்புணர்வின்மை’ என்னும் விளக்கமும்: நிலைப்பாட்டு அறிக்கை

இலங்கையின் மன்னார்த் தீவில் காற்றாலைப் பணிகள் 2025 ஓகஸ்டில் ஜனாதிபதியின் பணிப்பின்பேரில் ஒரு மாத காலம் இடைநிறுத்தப்பட்டமையும், செப்டெம்பர் இறுதியில் பொலிஸ் பாதுகாப்புடன் மீளத் தொடங்கப்பட்டமையும், அதையொட்டி மன்னார் நகரில் நிகழ்ந்த எதிர்ப்புப் போராட்டங்களும் உறுப்பினர்கள் அறிந்தவையாதலால் இங்கு விரித்துரைக்கப்படவில்லை. காலநிலைத் தொடர்பாடலையும் புதுப்பிக்கத்தக்க சக்திக்கான சமூக ஏற்பையும் ஆராய்வோரின் இவ்வமைப்பு, காற்று மின்சாரத்துக்கு எதிரானதன்று. 2030 அளவில் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறும் தேசிய இலக்கை அது பொதுவாக வரவேற்கிறது. குறித்த திட்டங்கள் கைவிடப்பட வேண்டுமா என்பதில் உறுப்பினரிடையே கருத்து வேறுபாடு நிலவுவதால், அது குறித்து இவ்வறிக்கை முடிவு எதனையும் கூறவில்லை.

கருத்து வேறுபாடின்றி எட்டப்பட்ட முடிவு வேறொன்று. மக்கள் விளங்கிக்கொள்ளாமல் எதிர்க்கிறார்கள், போதிய விழிப்புணர்வூட்டினால் எதிர்ப்பு அடங்கிவிடும் என்ற விளக்கம் கொள்கை வகுப்போரிடையே வழமையாகிவிட்டது. ஒருவர் ஒரு தொழில்நுட்பத்தை மறுப்பதற்குக் காரணம் அவரிடம் தகவல் இல்லாமையே என்று கொள்ளும் இந்த அனுமானத்தை ஆய்வாளர்கள் ‘அறிவுக் குறை மாதிரி’ என்பர். அது போதாதென்று பல தசாப்த கால ஆய்வுகள் காட்டிய பின்னரும், சமூக விஞ்ஞானத்தின் பெயராலேயே அதை மன்னார் மக்கள்மீது சுமத்துவதை இவ்வமைப்பு ஏற்க மறுக்கிறது.

நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் வோல்சிங்க் கண்டறிந்த போக்கின்படி, காற்றாலைக்கான ஆதரவு தொடக்கத்தில் உயர்ந்திருந்து, அமைவிடம் தெரியவரும் திட்டமிடற் கட்டத்தில் சரிந்து, காற்றாலைகள் சுழலத் தொடங்கிய பின் பெரும்பாலும் மீண்டும் உயர்கிறது. மன்னாரில் நிகழ்ந்திருப்பது இதற்கு நேர்மாறானது. 103.5 மெகாவொட் ஆற்றலுடைய ‘தம்பபவனி’யின் 30 காற்றாலைகள் 2020 இறுதியிலிருந்து தீவின் தென்கரையில் நிற்கின்றன, அவற்றின் கீழ் வாழ்ந்து பார்த்த பின்னரே எதிர்ப்பு வீதிக்கு வந்தது. காற்றாலைக்காக உயர்த்தப்பட்ட பாதைகள் மழைநீர் கடலுக்கு வடிவதைத் தடுத்துக் குடியிருப்புகளுக்குள் தேக்குகின்றன என்பதும், ஒலியாலும் அதிர்வாலும் மீன் கரையை அண்டுவதில்லை என்பதும் தீவு மக்களுடைய முறைப்பாடுகள். இவை ஒவ்வொன்றும் எந்த அளவுக்குச் சரியென்பதை அளந்து பார்க்கலாம், அளந்தே ஆகவேண்டும். ஆனால் முற்றத்தில் முழங்கால் நீரில் நிற்பவரிடம் துண்டுப்பிரசுரம் நீட்டுவது தொடர்பாடலும் அன்று, ஆய்வும் அன்று.

பிரித்தானிய உளவியலாளர் பற்றிக் டிவைன்-ரைட், இத்தகைய எதிர்ப்புகளைத் தன்னலம் என்று ஒதுக்காமல் ‘இடப்பற்று’, அதாவது மனிதர் தாம் வாழும் இடத்தோடு கொள்ளும் உணர்வுப் பிணைப்பு, என்பதைக் கொண்டு விளக்கலாம் என 2009இல் எழுதினார். வடக்கு வேல்ஸ் கரையில் ஒரே கடற் காற்றாலைத் திட்டத்தை எதிர்கொண்ட இரு ஊர்களை அவரும் யுகோ ஹவ்ஸும் ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரையில், லாண்டுட்னோவில் ஊர்ப்பற்று மிகுந்தவர்களே திட்டத்தை மிகுதியாக வெறுத்ததையும், அண்மையிலுள்ள கொல்வின் பேயில் அத்தகைய தொடர்பு காணப்படாததையும் காட்டினர். அவ்விரு ஊர்களின் வேறுபாட்டை அவர்கள் விளக்கியது தகவலின் அளவைக் கொண்டன்று. மக்களுக்கு அந்தக் கரை என்னவாக இருந்தது என்பதைக் கொண்டே. மன்னாரில் கரை பிழைப்பும்கூட. கரைவலைப் பாடு, அதாவது ஒரு வலையை வளைத்துப் போட்டுக் கரையிலிருந்து இழுப்பதற்கு ஒரு குடும்பத்துக்கோ குழுவுக்கோ உரிமையுள்ள கடற்கரைத் துண்டு, வலையும் கயிறும் வைக்கும் வாடியோடு சேர்ந்தே தொழிலாகிறது. மீன் வராவிட்டால் அப்பாட்டைப் பெயர்த்து வேறிடத்தில் நாட்ட முடியாது. இதை அறிந்தவர்கள் அக்கடற்றொழிலாளர்களே. அறியாதவர்கள் யார் என்பதை இவ்வமைப்பால் இதற்குமேல் நாகரிகமாகச் சொல்ல இயலாது.

வூஸ்டன்ஹாகன், வோல்சிங்க், பியூரர் ஆகியோர் 2007இல் வகுத்தவாறு, உள்ளூர் ஏற்பு என்பது முடிவெடுக்கும் முறையின் நீதி, நன்மை தீமைகளைப் பகிர்வதில் நீதி, நம்பிக்கை ஆகிய மூன்றையும் சார்ந்தது. சூழல் தாக்க அறிக்கைமீது கருத்துரைக்கச் சட்டம் வழங்கும் 30 நாள் அவகாசம், அமைவிடம் தீர்மானிக்கப்பட்ட பின்னர் வருவதால், முதலாவதை நிறைவு செய்கிறதா என்பது மறுபரிசீலனைக்குரியது. இரண்டாவதைப் பொறுத்தவரை, 4.5 கிலோமீற்றருக்குள் வசிப்போருக்குப் புதிய காற்றாலையின் பங்குகளில் குறைந்தது 20 சதவீதத்தை விற்க முன்வர வேண்டுமென்று டென்மார்க் 2009 முதல் ஒரு தசாப்தத்துக்கு மேல் நடைமுறைப்படுத்திய ஏற்பாடு ஆராயத்தக்கது.

வேறு விடயங்களைப் பொறுத்தவரை, மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளைக் காற்றாலைகள் பாதிக்கும் என்ற கரிசனையை இவ்வமைப்பு பகிர்ந்துகொள்கிறது. அதானி நிறுவனம் மன்னாரில் அமைக்கவிருந்த காற்றாலைகளின் மின்சாரத்துக்கான கட்டணம் பற்றிய சர்ச்சை, 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகியதோடு பெருமளவில் பின்தள்ளப்பட்டுள்ளது. மன்னாரில் எதிர்க்கப்படும் இன்னொரு திட்டமான இல்மனைற் மணல் அகழ்வு தனியாகக் கையாளப்பட வேண்டியது.

எனவே, தீவின் வடிகால் நிலைமையும் கரைவலைப் பிடிபாடும் சுயாதீனமாக அளக்கப்பட்டு, முடிவுகள் தமிழில் வெளியிடப்படும் வரையில், மேலதிகக் காற்றாலைகளுக்கான அனுமதிகளை இயன்றவரை ஒத்திவைக்குமாறு அரசாங்கத்தை இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது. எதிர்ப்பைத் தணிக்கும் நோக்குடன் ஒப்பந்தம் செய்யப்படும் விழிப்புணர்வுத் திட்டங்களிலும் கருத்துக்கணிப்புகளிலும் பணியாற்றுவதை உறுப்பினர் தவிர்ப்பது விரும்பத்தக்கது. ஏற்கெனவே அவ்வாறு பணியாற்றியோர், தாம் திரட்டிய மக்களின் விடைகளை, அடையாளங்களை நீக்கி, அம்மக்களிடமே முதலில் கையளிக்க வேண்டும்.