கடலுக்கு க்ளவுஸ் போட்டுட்டுப் போகலாமா?

ஃபர்ஸ்ட் இயர் ஒர்க்‌ஷாப் ஞாபகம் இருக்கா? ஃபிட்டிங் ஷாப்ல ஒரு எம்.எஸ். பிளாட்டையும் ஒரு அரத்தையும் கையில கொடுத்து, 'வி' கட் சரியா வர்ற வரைக்கும் ராவச் சொன்னாங்க. ரெண்டாவது வாரமே உள்ளங்கையில கொப்புளம். அதே ஷெட்ல லேத் பக்கம் போனா, "க்ளவுஸ் போட்டுட்டு மெஷின் கிட்ட வராதே"ன்னு திட்டு. வெல்டிங் பக்கம் போனா, "க்ளவுஸ் இல்லாம வராதே"ன்னு திட்டு. ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு விதி. எதுக்கு இப்படின்னு அன்னிக்கு நான் யோசிக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு, பாக் விரிகுடால ஒரு போர்டு மேல முன்கை மரத்துப்போய் உட்கார்ந்திருந்தப்போதான் யோசிச்சேன்.

விண்ட்சர்ஃபிங் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். சர்ஃப் போர்டு மாதிரி ஒரு பலகை. அது மேல எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஒரு ஜாயின்ட்ல மாஸ்ட்டும் பாயும் நிக்கும். மாஸ்ட்டிலிருந்து பாயைச் சுத்தி, நம்ம நெஞ்சு உயரத்துக்கு, ஒரு குழாய் வளைஞ்சு போகும். அதுதான் பூம். அதைப் பிடிச்சுக்கிட்டுதான் ஓட்டணும். சுக்கான் கிடையாது, பாயை முன்னாடி பின்னாடி சாய்ச்சுதான் திருப்பணும். இந்த டிசைனுக்கு 1968-ல் அமெரிக்காவுல பேட்டன்ட் கேட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜிம் டிரேக், விமானப் பொறியாளர். அதனால இது நம்ம ஆளுங்க விளையாட்டுன்னு தைரியமா சொல்லிக்கலாம்.

போன மே மாசம் லீவுக்கு ராமேஸ்வரம் போய்க் கத்துக்கிட்டேன். நாலாவது நாள் ரெண்டு கையிலயும் சேர்த்து ஆறு கொப்புளம். அன்னிக்கு ராத்திரி வீடியோ கால்ல அம்மா கையைப் பாத்துட்டு, "என்னடி இது, கல்லு உடைக்கிறவ கை மாதிரி இருக்கு?"ன்னாங்க. பக்கத்துல இருந்த அத்தை விடல. "நாளைக்குப் பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?" உடனே ஆன்லைன்ல தேடி, முழு விரலும் மூடுற நியோப்ரீன் க்ளவுஸ் ஆர்டர் பண்ணேன். ஒரு வாரம் கழிச்சு வந்துச்சு. அந்த ஒரு வாரம் துணி சுத்திக்கிட்டு ஓட்டினேன்.

க்ளவுஸ் போட்ட முதல் நாள், இருபது நிமிஷம் சொர்க்கம். உள்ளங்கை வலிக்கவே இல்ல. அதுக்கப்புறம் முன்கை கல்லு மாதிரி இறுக ஆரம்பிச்சுது. விரலை மடக்கினா விரிக்க முடியல, விரிச்சா மடக்க முடியல. பாயைத் தண்ணில போட்டுட்டேன். திரும்பத் தூக்கக் கையில பலம் இல்ல. மே மாசம் அங்க தென்மேற்குக் காத்து. தீவோட வடக்குக் கரைல தண்ணி கண்ணாடி மாதிரி தட்டையா இருக்கும், பாக்க பயமே வராது. ஆனா காத்து கரையிலருந்து கடலுக்குள்ளதான் தள்ளும். கரையில நிக்கிறவங்க சின்னதாகிக்கிட்டே போறதைப் பாத்தேன். சொல்லிக்கொடுத்த அண்ணன் ஃபைபர் போட்ல வந்து இழுத்துட்டுப் போனார். போட் இல்லாத இடமா இருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் சில ராத்திரி நினைச்சுப் பாக்கறேன்.

அண்ணன் மீனவர் குடும்பம். திட்டல. என் க்ளவுஸைக் கழட்டி வாங்கி, தன் கையில மாட்டி, பூமைப் பிடிச்சுப் பாத்துட்டு, "இத மாட்டிக்கிட்டா யாருக்குமே கை புடிச்சுக்கும்மா"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். மிச்சக் கணக்கு நான் போட்டது.

பூம் குழாயோட விட்டம் ஏறக்குறைய 30 மி.மீ. க்ளவுஸ் 2 மி.மீ. தடிமன்னு வைங்க. கை குழாயைச் சுத்திப் பிடிக்குது, அதனால ரெண்டு பக்கமும் சேர்த்து 4 மி.மீ. கூடும். இப்போ நீங்க பிடிக்கிறது 34 மி.மீ. குழாய். சின்னக் கைக்கு இது பெரிய வித்தியாசம். குழாய் தடிக்கத் தடிக்க விரல் முழுசா மூடாது, அதே பிடிக்கு முன்கைத் தசை அதிகமா இழுக்கணும். கூடவே நியோப்ரீன் ரப்பர் மாதிரி. விரலை மடக்கும்போதெல்லாம் அது நிமிர்த்தப் பாக்கும். பாயோடயும் சண்டை, க்ளவுஸோடயும் சண்டை. அடியில என்ன பிடிச்சிருக்கோம்னு தோலுக்குத் தெரியாததால, பயத்துல தேவைக்கு மேல இறுக்குவோம். விரலை மடக்குற பெரிய தசைகள் முன்கையிலதான் இருக்கு. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தா அங்க ரத்த ஓட்டம் குறையும். தசை வீங்கி, பிடி போயிடும்.

"சரி, அப்போ கொப்புளத்துக்கு என்ன வழி?"ன்னு கேப்பீங்க. கொப்புளம் ஏன் வருதுன்னு பாருங்க. தோலோட மேல் அடுக்கு குழாயோட ஒட்டிக்கிட்டு ஒரு பக்கம் போகுது, அடி அடுக்கு எலும்போட இன்னொரு பக்கம் போகுது. நடுவுல கிழிஞ்சு தண்ணி கோக்குது. ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல படிச்ச ஷியர் இதேதான். தண்ணில ஊறின தோல் இன்னும் சுலபமாக் கிழியும். க்ளவுஸ் போட்டா ஷியர் போயிடாது. உள்ள சுருக்கம் விழுந்தா அந்தச் சுருக்கமே கொப்புளம் போடும். குறைக்க வேண்டியது கையில விழுற லோடை.

அந்த லோடு எவ்வளவு? 5 சதுர மீட்டர் பாய், 15 நாட் காத்து, கோஎஃபிஷியன்ட் ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க. அரை ரோ வி ஸ்கொயர் போட்டா சுமார் 180 நியூட்டன், அதாவது 18 கிலோ இழுப்பு. 20 நாட் ஆனா 32 கிலோ. இதை ஒரு மணி நேரம் பத்து விரல்ல தாங்கணும்னு யாரு சொன்னாங்க? அதுக்குத்தான் ஹார்னஸ் இருக்கு. இடுப்புல கொக்கி, பூம்ல ரெண்டு கயிறு வளையம். கொக்கியை மாட்டினா லோடு உடம்பு எடைக்குப் போயிடும். கைக்கு மிச்சம் இருக்கிறது திருத்துற வேலை மட்டும்.

என் தப்பு அங்கதான் இருந்துச்சு. அந்த வாரம்தான் ஹார்னஸ் பழக ஆரம்பிச்சிருந்தேன். கயிறு வளையங்கள் ரொம்ப முன்னாடி, மாஸ்ட் பக்கம் தள்ளி இருந்துச்சு. பாயோட இழுப்பு மையம் அதுக்குப் பின்னாடி. அந்த மொமென்ட்டை என் பின்கை ஒண்ணுதான் தாங்கிக்கிட்டு இருந்துச்சு. மறுநாள் அண்ணன் வளையத்தை நாலு விரல் பின்னாடி நகர்த்தினார். ஓட்டிக்கிட்டிருக்கும்போதே ரெண்டு கையையும் ஒரு நொடி எடுத்துப் பாத்தேன். பாய் அப்படியே நின்னுச்சு. டெஸ்ட் இதுதான்: கையை எடுத்தா பாய் நிக்கணும். பின்கை இழுபட்டா வளையத்தைப் பின்னாடி நகர்த்துங்க, முன்கை இழுபட்டா முன்னாடி.

இன்னொரு கேள்வியும் வரும்: "பாய்மரப் படகு ஓட்டுறவங்க க்ளவுஸ் போடறாங்களே?" போடறாங்க, அது சரியும்கூட. சென்னையிலருந்து மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்ச நேத்ரா குமணன் 2021-ல் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் பாய்மர வீராங்கனை ஆனாங்க. அவங்க ஓட்டுற மாதிரிப் படகுல பாயைக் கட்டுப்படுத்துறது கயிறு. கயிறு கைக்குள்ள ஓடும், உரசும், சுடும். பூம் ஓடாது, கை அதுமேல தொங்கும். லேத்துக்கு ஒரு விதி, வெல்டிங்குக்கு ஒரு விதி, அதே கதைதான்.

அதுக்காக க்ளவுஸே கூடாதுன்னு நான் சொல்லல. முதல் ரெண்டு மூணு நாள் தண்ணில விழுந்த பாயைக் கயிறு போட்டுத் தூக்கிக்கிட்டேதான் இருப்பீங்க. அப்போ விரல் நுனி வெட்டின மெல்லிசு க்ளவுஸ் உதவும். மேல்படிப்புக்கு ஜெர்மனி, நெதர்லாந்து போற சீனியர்ஸுக்கு அங்க குளிர்காலத் தண்ணில வேற வழி இல்ல. அங்கயும் பலர் உள்ளங்கைப் பக்கம் திறந்திருக்கிற மிட்டன்தான் போடறாங்க. வெளிப்பக்கம் சூடு, உள்பக்கம் வெறும் தோல். நம்ம கடல்ல குளிரே பிரச்சினை இல்ல.

செய்ய வேண்டியது சொல்றேன். முதல் வாரம் ஒரு தடவைக்கு முப்பது நாப்பது நிமிஷம் போதும். விரலைக் கொக்கி மாதிரி மாட்டுங்க, முஷ்டி மாதிரி இறுக்காதீங்க. வளையத்தைச் சரி பண்ணுங்க. சின்னக் கைன்னா மெல்லிசுக் குழாய் பூம் இருக்கான்னு கேளுங்க. தோல் சிவக்கும்போதே, கொப்புளம் ஆகுறதுக்கு முன்னாடி, டேப் சுத்துங்க. உடைஞ்சிடுச்சுன்னா நல்ல தண்ணில கழுவி, ஆறுற வரைக்கும் கடல்ல இறங்காதீங்க. வெதுவெதுப்பான கடல் தண்ணில விப்ரியோ வகை பாக்டீரியா இருக்கும், திறந்த புண்ணு வழியா உள்ள போகும். கல்லீரல் பிரச்சினை இருக்கிறவங்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. அந்தப் புண்ணுக்கு மேல க்ளவுஸ் மாட்டிக்கிட்டுப் போறது எதுக்கும் உதவாது.

கடைசியா, நான் க்ளவுஸ் வாங்கினது கையைக் காப்பாத்தவே இல்லன்னு ஒத்துக்கணும். அத்தை சொன்னதுக்காக வாங்கினேன். ஹாஸ்டல் பசங்க ஜிம்முக்குப் போய்க் காய்ப்பு வந்த கையை ஸ்டேட்டஸ்ல போடறாங்க. எனக்கு வந்தா மறைக்கணும்னு தோணுச்சு. "கல்லு உடைக்கிறவ கை"ன்னு அம்மா சொன்னப்போ நானும் சிரிச்சேன். அந்தக் கல்லு உடைக்கிற அம்மா கைக்கு என்ன குறை, எனக்குத் தெரியல. காய்ப்புங்கிறது தோல் தானா போட்டுக்கிற க்ளவுஸ். 2 மி.மீ. கூட்டாது, கழண்டு விழாது.

இப்போ என் கையில ரெண்டு வரிசைக் காய்ப்பு இருக்கு. பிளேஸ்மென்ட் இன்டர்வியூல ஹெச்.ஆர். கை குலுக்கிட்டு, "ஸ்போர்ட்ஸா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். பத்து நிமிஷம் பூம், ஹார்னஸ், மொமென்ட்னு பேசிட்டு இருந்தோம். வேலை கிடைச்சுதான்னு கேக்காதீங்க, ரிசல்ட் இன்னும் வரல. டிசம்பர்ல வாடைக் காத்து வீசும்போது தீவோட தெக்குப் பக்கம் போறேன். வர்றவங்க சொல்லுங்க. அந்த நியோப்ரீன் க்ளவுஸ் புதுசு மாதிரியே இருக்கு. ஜெர்மனி போற சீனியர் யாருக்காவது வேணும்னா எடுத்துக்கலாம்.